பறக்காத ஜெட்டில் ஒரு சாவு

அத்தியாயம் 5

செத்தவனைத் திருடன் என்று சொல்வது ரொம்பச் சுலபம். அவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் ரிட்டயர்டு விங் கமாண்டர் யோகராஜ் அப்படிச் சொன்னார். போலீஸும் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. கயத்தாறு போகும் ரோட்டில் இருந்த அவருடைய பாலிடெக்னிக் வாசலில் எங்கள் பைக்கை நிறுத்தியபோது எனக்குக் கோபம் தொண்டை வரைக்கும் இருந்தது.

வாசலில் வாழைமரம் கட்டி, 'வல்லூறு ஸ்குவாட்ரன் வீரர்களே வருக' என்று பேனர் வைத்திருந்தார்கள். பேனரில் யோகராஜின் தலை பெரிதாக இருந்தது. அவர் காதுக்குப் பக்கத்தில் விமானம் பறந்துகொண்டிருந்தது.

"விமானத்தவிட இவரு தலை பெருசால்லா இருக்கு மேடம். இவரு உக்காந்தா அது எப்படி எந்திரிக்கும்?" என்றேன்.

வினோலியா மேடம் சிரிக்கவில்லை. "வாய இங்கனயே கழத்தி வச்சிட்டு வால. உள்ள எனக்குக் காது மட்டும் போதும்" என்றார்.

வினோலியா மேடம் முன்பு சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். செய்யாத தப்புக்கு ஒருவனை உள்ளே தள்ளச் சொன்ன அதிகாரியின் மேஜையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர். இப்போது கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் திருப்பதி. கூரியர் பையனாக இந்தப் பக்கம் முழுக்கச் சுற்றியவன். எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தகுதிக்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

முந்தின நாள் எங்கள் ஆபீஸுக்கு மாரித்தாய் வந்திருந்தாள். கடம்பூரில் போளிக்கடை வைத்திருப்பவள். அவள் எடுத்து வளர்த்த தம்பி சதீஷ்குமார் பெயின்டர். யோகராஜ் ஏலத்தில் எடுத்து வந்திருந்த பழைய போர் விமானம் ஒன்றுக்கு வர்ணம் பூசப் போனவன், போன வாரம் அந்த ஷெட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தான். செப்புக் கம்பி திருட ஷெட் கூரைமேல் ஏறினான், தகரம் உடைந்து உள்ளே விழுந்து செத்தான் என்று யோகராஜ் சொன்னார். போலீஸ் கடம்பூருக்குப் போய், தெருவே பார்க்க, அவள் வீட்டு அரிசிப் பானையைக்கூட வாசலில் உருட்டிக் கம்பி தேடியது. கம்பி கிடைக்கவில்லை. ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரி அன்றைக்கே வாசலில் காயவைத்திருந்த பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்தாளாம்.

"அவன் போயிட்டான். இனி யார்ட்ட கேட்டா வருவான்? ஆனா கள்ளன்னு சொன்னாவல்லா, அத நான் விட மாட்டேன் மேடம்" என்றாள் மாரித்தாய். அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

போகும்போது ஒன்று சொன்னாள். தம்பியைக் குளிப்பாட்டும்போது அவன் வலது உள்ளங்கையில் மஞ்சள் பெயின்ட் அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. விமானத்துக்கு வெள்ளி நிறமும் நீலமும்தான் அடிக்கிறேன் என்று அவன் வீட்டில் சொல்லியிருந்தான். அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வந்தது?

எங்கள் கையில் இருந்தது அந்த மஞ்சள் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தோம்.

ஷெட்டுக்குள் விமானம் பளபளவென்று நின்றது. மினி பஸ்ஸைவிடச் சிறியது. நாற்பது வருடத்துக்கு முன்னால் கடைசியாகப் பறந்ததாம். அன்றைக்கு விமானப்படையின் அந்த ஸ்குவாட்ரனில் ஒன்றாக இருந்தவர்கள் கூடும் ரீயூனியன். கோட்டும் பதக்கமும் அணிந்த கிழவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சிலர் இறக்கையைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார்கள். அங்கே ஒரு மனிதன் செத்தது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் திருடன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டு நின்ற யோகராஜைப் பார்க்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மேடம் நேரே அவரிடம் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, செத்துப்போன பையனுடைய அக்கா சார்பாக வந்திருப்பதாகச் சொன்னார். விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். எங்களைத் துரத்தினால் அசிங்கமாகிவிடும் என்று அவருக்குப் புரிந்தது. தாராளமாகப் பாருங்கள் என்று கையை விரித்தார்.

"இந்த விமானத்துல மஞ்சள் எங்க இருக்கு சார்?" என்று மேடம் கேட்டார்.

"மஞ்சளா? நோ யெல்லோ. சில்வர் அண்ட் ப்ளூ. அதுதான் எங்க ஸ்குவாட்ரன் கலர்" என்றார் யோகராஜ். பிறகு பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம், "என்ன எபநேசர், மஞ்சள் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

எபநேசர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் ரிட்டயர்டு வாரன்ட் ஆபீசர். விமானியில்லை, தரையில் நின்று விமானத்தைத் தயார் செய்து அனுப்பும் ஆள்களில் ஒருவர். வல்லூறு ஸ்குவாட்ரனில் ஆயுதப் பிரிவில் இருந்தவர். இந்த விமானத்தைத் திரும்ப உருவாக்கியதும் அவர்தான். மேடம் போகிற சர்ச்சில்தான் அவரும் முன்வரிசையில் உட்காருவார். சதீஷ்குமாரைப் பற்றிக் கேட்டதும், தங்கமான பையன், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அந்த ஷெட்டில் அவனுக்காக வருத்தப்பட்ட ஒரே மனிதர் அவர் என்று எனக்குத் தோன்றியது. எங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான்.

ஏணியில் ஏறி விமானி உட்காரும் இடத்தை எட்டிப் பார்த்தோம். உள்ளே பிளைவுட்டில் செய்து, பச்சை ரெக்சின் போர்த்திய ஒரு சீட் இருந்தது. விமானம் சீட் இல்லாமல்தான் வந்தது, அதனால் எங்கள் கார்பென்டரை வைத்து இதைச் செய்தோம் என்று கீழே இருந்து யோகராஜ் விளக்கினார். சீட்டின் தலைமாட்டிலும் முன்பக்கத்திலும் இரும்பு ஊசிகள் செருகியிருந்தன. ஒவ்வொன்றிலும் வெளுத்துப்போன சிவப்பு நாடா தொங்கியது.

"ரிப்பன் எதுக்கு சார், யாருக்காவது சடங்கா?" என்றேன்.

"சும்மா ஒரு அழகுக்கு" என்றார் அவர்.

அண்ணாந்து பார்த்தேன். விமானத்துக்கு நேர் மேலே கூரையில் ஒரு தகரம் மட்டும் புதிதாக மின்னியது. பழையது எங்கே என்று மேடம் கேட்டதற்கு, உடைந்துபோனதை எதற்கு வைத்துக்கொள்வது, தூக்கிப் போட்டாயிற்று என்று பதில் வந்தது.

வெளியே வந்ததும் மேடம் நின்றார். "ஏலே, நம்ம பக்கம் பழைய தகரத்த எவனாவது தூக்கிப் போடுவானா?"

"வளஞ்ச ஆணியவே நிமித்தி வச்சுக்கிடுவான். தகரத்த விடுவானா? காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஆட்டுக் கொட்டாய்மேல கெடக்கும் மேடம்."

"அப்பம் நட."

நடக்கிறது லேசாக இல்லை. இரண்டு நாளாகக் கோடை மழை பெய்திருந்தது. மழையில் நனைந்த கரிசல் மண் நடக்கிறவனைச் சும்மா விடாது. நாலு எட்டு வைத்ததும் செருப்பு ஆளுக்கு ஒரு கிலோ ஆகிவிட்டது. அதற்கு மேல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். பருத்தி பிடுங்கிப் போட்ட காட்டைத் தாண்டி ஒரு ஆட்டுக் கொட்டாய் தெரிந்தது. என் கணக்கு தப்பவில்லை, அதன்மேல் தகரம் கிடந்தது. நடுவில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டையை உரச்சாக்கு வைத்து மூடியிருந்தார்கள்.

காட்டுக்காரர் மந்திரமூர்த்தி வரப்பில் நின்றார். பாலிடெக்னிக்கில் இருந்தா வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏச ஆரம்பித்தார். மேடம் நாங்கள் அவர்களுக்கு எதிர்க்கட்சி என்று சொன்னபிறகுதான் அடங்கினார். தகரத்தை வாட்ச்மேன் கொடுத்ததாகச் சொன்னார். நாங்கள் அதை இறக்கிப் பார்த்தோம்.

ஒரு பக்கம் வெயிலும் மழையும் பட்டுத் துரு ஏறி, காக்கை எச்சத்தோடு இருந்தது. அது வானத்தைப் பார்த்துக் கிடந்த பக்கம். மறுபக்கம் முழுக்க வெள்ளி பெயின்ட் பொடியாகப் படிந்திருந்தது. விமானத்துக்கு ஸ்ப்ரே அடித்தபோது எழும்பிய புகை அது, ஆகவே அதுதான் உள்பக்கம். ஓட்டையைச் சுற்றிக் கிழிந்த விளிம்புகள் எல்லாமே துருப்பிடித்த பக்கமாக வளைந்திருந்தன.

"மேடம், கீழ இருந்து மேல விழுந்த மொத கள்ளன் நம்ம சதீஷ்குமார்தான்" என்றேன்.

மேடம் என்னை ஏசவில்லை. தகரத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மந்திரமூர்த்தியிடம் அன்றைக்கு என்ன சத்தம் கேட்டது என்று விசாரித்தார்.

வெடிச்சத்தம் ஒன்று கேட்டதாம். இந்தப் பக்கம் வெடிச்சத்தத்துக்கு யார் தலையைத் திருப்புவார்கள்? கல்குவாரியோ கல்யாணமோ என்று விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் பாலிடெக்னிக் டிராக்டர் அவர் காட்டுக்குள் இறங்கியது. அன்றைக்கும் மண் ஈரம். டிராக்டர் புதைந்து, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்று, காட்டை உழப்பிவிட்டது. கேட்டதற்கு நாயே பேயே என்று ஏசினார்களாம். கடைசியில் எடுக்க வந்ததை எடுக்க முடியாமல், அதன்மேல் பருத்திமாரை அள்ளிப் போட்டு மூடிவிட்டு, டிராக்டரை மட்டும் மீட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"ஏரோப்பிளேன் சாமான், தொட்டா மிலிட்டரி கேஸ் ஆயிரும்னு மெரட்டிட்டுப் போனாவ. நான் எதுக்கு அதத் தொடப் போறேன்" என்று மந்திரமூர்த்தி ஒரு குவியலைக் காட்டினார்.

காய்ந்த பருத்திச் செடிகளை இழுத்துப் போட்டோம். அடியில் ஒரு இரும்பு நாற்காலி மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. முதுகில் தடித்த குழாய், அறுந்த வார்கள், கருகிய வாடை. விமானத்துக்கு ஆபத்து வந்தால் விமானியை உட்கார்ந்தபடியே வெளியே தூக்கி எறியும் நாற்காலி அது என்று மேடம் சொன்னார். முதுகில் இருக்கிற குழாய்க்குள் வெடிமருந்து இருக்கும். முன்னால் ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுத்தால் மருந்து வெடித்து நாற்காலி மேலே பாயும்.

கைப்பிடியைப் பார்த்தேன். கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்டிருந்தது. பாதிப் பட்டைகள் வெளுத்துப் பழசாக இருந்தன. மீதிப் பாதியில் மஞ்சள் புத்தம் புதிதாக இருந்தது. கடைசிப் பட்டையில் பெயின்ட் காயும் முன்னே ஒரு உள்ளங்கை அழுந்தி இழுபட்ட தடம் அப்படியே காய்ந்திருந்தது.

சதீஷ்குமார் ஏணியில் நின்று உள்ளே குனிந்து, ஒவ்வொரு பட்டையாக மஞ்சள் அடித்திருக்கிறான். அடித்துக்கொண்டே வரும்போது பிடிமானத்துக்கு அதையே பிடித்திருக்கிறான். வெடித்துப் பாய்ந்த நாற்காலி அவனை அடித்துத் தள்ளிவிட்டு, கூரையைப் பிய்த்துக்கொண்டு இந்தக் காட்டில் வந்து விழுந்திருக்கிறது. அது என்ன கைப்பிடி என்று அவனுக்கு ஒருவனும் சொல்லவில்லை. பாவிகள், அவனுடைய உயிரையும் எடுத்து, பேரையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காட்டில் நின்று வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். மேடம் தடுக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தனக்குத் தெரிந்த டி.எஸ்.பி. ஒருவருக்கு அனுப்பினார். மாரித்தாய்க்கும் போன் போட்டு வரச் சொன்னார்.

திரும்பிப் போனபோது ஷெட்டில் விழா தொடங்கும் நேரம். கிழவர்கள் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யோகராஜ் மைக் முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். கால் முழங்கால் வரை கரிசல் சேற்றோடு மேடம் மேடை ஏறி, போனில் இருந்த படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். மைக் எல்லாவற்றையும் வாங்கி வெளியே போட்டது.

யோகராஜ் முதலில் ஆங்கிலத்தில் கத்தினார். பிறகு தமிழில் கெஞ்சினார். சீட்டோடுதான் விமானம் வந்தது. நாற்பது வருடம் கிடந்த மருந்து நமத்துப் போயிருக்கும் என்று நினைத்தாராம். நடந்தது விபத்து, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றார்.

"விபத்துன்னா விபத்துன்னு சொல்ல வேண்டியதுதான சார். கள்ளன்னு எதுக்குச் சொன்னீங்க?" என்று மேடம் கேட்டார்.

"சொல்லியிருந்தா ரீயூனியனே நின்னு போயிருக்கும் மேடம். எவ்வளவு தூரத்துல இருந்தெல்லாம் வாராங்க, இவங்கள்ல பாதிப் பேர் அடுத்த வருஷம் இருப்பாங்களான்னே தெரியாது. அதான் ஏதோ ஒண்ணு சொல்லிட்டேன்."

ஏதோ ஒண்ணு என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் மேடைக்குத் தாவப் பார்த்தேன். பின்னால் வந்து நின்ற மாரித்தாய் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கு மூச்சு இரைத்தது.

கேஸ் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மேடம் முடிக்கவில்லை. விமானத்தின் ஏணியில் ஏறி, பிளைவுட் சீட்டில் இருந்த ஊசிகளை உருவி எடுத்துவந்து, சிவப்பு நாடாக்களைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். இது என்ன என்று முன்வரிசையில் இருந்தவர்களைக் கேட்டார்.

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். சேஃப்டி பின். தரையில் நிற்கும்போது இது சீட்டில் செருகியிருக்க வேண்டும். இருந்தால், கைப்பிடியில் யானையே தொங்கினாலும் சீட் அசையாது. விமானி உட்கார்ந்தபிறகு ஆயுதப் பிரிவு ஆள் ஒவ்வொன்றாக உருவி, விமானியின் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டுவார். விமானி எண்ணிப் பார்த்துத் தலையாட்டுவார். இறங்குவதற்கு முன்னால் அதே ஆள் திரும்பச் செருகிவிடுவார்.

"விமானி இதத் தொட மாட்டாரா?"

தொடவே மாட்டார் என்றார்கள். கண்ணால் பார்ப்பதோடு சரி, அது அவர் வேலையில்லை.

"அப்பம் எனக்கு ஒண்ணு சொல்லுங்க. சதீஷ்குமார் அந்தக் கைப்பிடியப் பிடிச்சப்ப இந்தப் பின்னு சீட்ல இல்ல. இருந்தா அவன் சாயங்காலம் கடம்பூர் பஸ்ல ஏறியிருப்பான். இது யார்ட்ட இருந்துச்சு? அப்புறம் இந்தப் பிளைவுட் பலகைல வெடிக்கதுக்கு ஒண்ணும் கெடையாது. இதுக்கு எதுக்குப் பின்னு? கார்பென்டருக்கு இது என்னன்னே தெரியாது. யோகராஜ் சார் பைலட்டு, சர்வீஸ்லயே இதத் தொட்டதில்ல. சீட்டுன்னு ஒண்ணக் கண்டா பின்னு இல்லாம விட்டுட்டு வர முடியாத கை ஒண்ணுதான் இதச் செருகியிருக்கு."

மேடம் யார் பக்கமும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கிழவர்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். எபநேசர் எழுந்து நின்றார்.

சதீஷ்குமாருக்காகக் கண்ணைத் துடைத்த அதே கையா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடந்ததை எபநேசரே சொன்னார். அழைப்பிதழோடு அனுப்புவதற்கு, சதீஷ்குமார் செத்த அன்றைக்கு ஒரு வீடியோ எடுத்திருக்கிறார்கள். பழைய நாளில் செய்ததுபோல எல்லாம் முறையாக வேண்டும் என்று யோகராஜ் ஆசைப்பட்டார். சீட்டில் உண்மையான மருந்து இருக்கிறது, விமானப்படை ஆள்களை வரவழைத்து எடுக்க வேண்டும் என்று எபநேசர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அப்புறம் பார்ப்போம் என்று யோகராஜ் தள்ளிவிட்டார். வீடியோவுக்காக எபநேசர் பின்களை உருவிக் காட்டினார், யோகராஜ் எண்ணித் தலையாட்டினார். யோகராஜ் இறங்க எழுந்த நேரம் பார்த்து, எபநேசர் பின்களைத் திரும்பச் செருகும் முன்னே, மதுரையிலிருந்து பழைய சிநேகிதர் ஒருவர் வந்து இறங்கினார். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போனார்கள். சதீஷ்குமார் மட்டும் மஞ்சள் டப்பாவோடு ஏணியில் ஏறினான்.

"அந்தப் பட்டை வெளுத்துக் கெடக்கு, புதுசா அடிச்சிரு தம்பின்னு காலைல நான்தாம்மா அவன்ட்ட சொன்னேன்" என்றார் எபநேசர். "சத்தம் கேட்டதும் பாக்கெட்ல கைய விட்டேன். பின்னு மூணும் என்ட்டதான் இருந்துச்சு."

"பெறகு?"

"சார் கள்ளன்னு சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல. புது சீட்டு வச்சாவ. வெறும் பலகைதான், தெரியும். தெரிஞ்சும் அப்படியே விட முடியலம்மா. ரிப்பனக் கெட்டிச் செருகிட்டு வந்துட்டேன்."

மேடத்தின் குரல் அதுவரை உயரவில்லை. இப்போது ஷெட் தகரம் அதிர்ந்தது. "பலகைக்குக் காவல் வச்சீங்க ஐயா. அந்தப் பையன் பேருக்கு ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு நாக்கு வரலியா? இன்னைக்குக் காலைல மஞ்சள் எங்கன்னு கேட்டேன். தலைய ஆட்டினீங்க. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அந்தத் தலையவா ஆண்டவர் முன்னால குனிஞ்சீங்க?"

யோகராஜ் மைக்கை அணைக்கச் சொல்லி யாருக்கோ கை காட்டினார். யாரும் அணைக்கவில்லை.

கைத்தடியோடு முன்வரிசையில் இருந்த மூத்தவர் எழுந்தார். அந்த ஸ்குவாட்ரனுக்கே தலைவராக இருந்தவராம். ரீயூனியனில் எப்போதும் இறந்துபோன வீரர்களின் பெயர்களை வாசிப்போம், எல்லோரும் எழுந்து நின்று சல்யூட் வைப்போம், இந்த வருடம் அந்தப் பெயர்களோடு சதீஷ்குமாரின் பெயரையும் சேர்த்து வாசிக்கிறோம் என்று சொன்னார். மனதாரத்தான் சொன்னார். கிழவர்கள் பலர் அப்போதே எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்குக்கூட ஒரு நிமிடம் அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

மாரித்தாய் என் சட்டையை விட்டுவிட்டு முன்னால் போனாள்.

"வேண்டாம்யா. என் தம்பி ஒங்க பட்டாளம் கெடையாது. ஒங்க ஆளுக பேரோட அவன் பேர சேக்காதிய" என்றாள். "இங்கன இருக்கவங்க யாருக்கும் அவனத் தெரியாது. இங்கன அவன நல்லவன்னு சொல்லி எனக்கு என்னத்துக்கு? எங்க தெருவுல வந்து சொல்லுங்க. எந்த வாசல்ல வச்சு எங்க வீட்டுப் பானைய உருட்டுனாவளோ அந்த வாசல்ல நின்னு சொல்லுங்க."

யோகராஜ் தன் வக்கீலிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னார். அதற்குள் டி.எஸ்.பி.யின் ஜீப் ஷெட் வாசலில் வந்து நின்றது. மேடம் அவரிடம் போய் மெதுவாக ஏதோ பேசினார். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கடம்பூர் வழியாகப் போனாலும் ரோடு ரோடுதானே என்று கடைசியாக மேடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. டி.எஸ்.பி. மாரித்தாயை ஒரு தடவை பார்த்தார், சரி என்றார். யோகராஜையும் எபநேசரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

விருந்தாளிகளை ரயில்வே ஸ்டேஷனில் இருந்து கூட்டிவர வைத்திருந்த பஸ்ஸில் கிழவர்கள் ஏறினார்கள். யாரும் அவர்களை ஏறச் சொல்லவில்லை. மேஜையில் சாப்பாடு ஆறிக்கொண்டு கிடந்தது.

கடம்பூரில் அந்தத் தெருவுக்குள் பஸ் நுழையாது. முனையில் இறங்கி, கோட்டும் பதக்கமுமாக நடந்து வந்தார்கள். ஜன்னல்கள் திறந்தன. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். மாரித்தாய் தன் வீட்டு வாசல்படியில் ஏறி நின்றாள். எபநேசர் தெருவில் நின்று பேச ஆரம்பித்தார், குரல் வரவில்லை.

"சத்தமா. கடைசி வீட்டுக்குக் கேக்கணும்" என்றாள் மாரித்தாய்.

"சதீஷ்குமார் கள்ளன் இல்ல" என்றார் எபநேசர். "அவன் கூரைல ஏறல. நான் செய்ய வேண்டிய வேலையச் செய்யாம விட்டேன். அதுல செத்தான்."

அடுத்து ஜீப்பிலிருந்து யோகராஜை இறக்கினார்கள். அவர் தெருவைப் பார்க்காமல், நடந்தது துரதிர்ஷ்டமான ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் என்று ஆரம்பித்தார்.

"தமிழ்ல சொல்லுங்க" என்றாள் மாரித்தாய்.

அவர் டி.எஸ்.பி.யைப் பார்த்தார். டி.எஸ்.பி. எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார். மேடம் சேறு காய்ந்த காலோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தப் பையன் திருடல. நான் பொய் சொன்னேன்" என்றார் யோகராஜ். மாரித்தாய் அசையவில்லை. அவர் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"போங்க" என்றாள் அவள்.

ஜீப் கிளம்பியது. கிழவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தார்கள். மாரித்தாய் எங்களுக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேடத்துக்குப் பிடித்திருக்காது.

நான் பைக்கை உதைக்கப் போகும்போதுதான் ஒரு பெண் வந்தாள். தெருவின் அந்தக் கோடியில் ஒரு வீட்டிலிருந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். துட்டி கேட்க, செத்த வீட்டில் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் செத்த அன்றைக்கு அந்தத் தெருவிலிருந்து ஒரு பொம்பளைகூட மாரித்தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வரவில்லை. திருடன் செத்த வீட்டுப் படியை யார் மிதிப்பார்கள்? அவள் தன் தம்பியைத் தனியாகவே குளிப்பாட்டியிருக்கிறாள்.

வந்தவளை மாரித்தாய் வாசலை மறித்துக்கொண்டு பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இப்பந்தான் ஒனக்கு வழி தெரிஞ்சுச்சாட்டி?" என்று கேட்டாள்.

மாரித்தாய் கொஞ்ச நேரம் அவளை அப்படியே நிற்க வைத்தாள். பிறகு வாசல் நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.